பவுல்ராஜின் நீளமான பிரசங்கம்

"அட்டை கடிக்குதுங்க" என்றாள் சந்தனமேரி.

"சரித்திரம் நடந்த இடத்துல நின்னுக்கிட்டு அட்டையைப் பார்க்காத. இந்தத் தண்ணியிலதான் மலையில நம்ம சபையோட முதல் ஞானஸ்நானம்" என்றார் அவள் கணவர் பவுல்ராஜ்.

எஸ்டேட்டில் மருந்தடிக்கத் தேக்கி வைத்த தண்ணீர் அது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. பவுல்ராஜ் கண்ணை மூடி ஜெபித்தார். சந்தனமேரி அந்த நேரத்தில் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

பவுல்ராஜ் மார்மன் சபையின் கிளைத் தலைவர். ஒரு ஜீப்பிலும் ஒரு ஆட்டோவிலும் மொத்தமாக ஏற்றிவிடக்கூடிய சபை. ஊரில் அதை மாமன் சபை என்பார்கள். சபை பிறந்து வளர்ந்த புனித இடங்கள் எல்லாம் அமெரிக்காவில் இருந்தன. அவ்வளவு தூரம் போக வழியில்லை. அதனால் மூணாறு மலையில் சபை முளைத்த இடங்களையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ரெண்டு நாள் லீவில் கம்பம்மெட்டிலிருந்து கிளம்பியிருந்தார்கள்.

ஜீப்பை ஓட்டியது அஜய். கூடவே அவன் மனைவி ஜிஸ்மி, சபையின் பெண்கள் சங்கத் தலைவி. யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை ரோட்டில் நின்றே சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு.

சந்தனமேரிக்கு அந்த மூக்கின் மேல்தான் பயம்.

மார்மன் சபையில் டீ குடிக்கக்கூடாது. சந்தனமேரியோ தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொளுந்து கிள்ளினாள், அப்பா ஃபேக்டரியில் தேயிலை வறுத்தார். பவுல்ராஜைக் கட்டிக்கொண்ட அன்றோடு கத்தோலிக்கத்தையும் டீயையும் சேர்த்துக் கைவிட்டாள். கத்தோலிக்கம் போய்விட்டது. டீ போகவில்லை. அவர் ஏலக்காய் கடைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அடுப்படியில் ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

இது ஜிஸ்மிக்குத் தெரிந்தால் சபைக்கே தெரிந்த மாதிரி. டீ குடிக்கிறவர்களுக்குச் சபையின் பெரிய ஆலயத்தில் இடமில்லை; அடுத்த மாதம் எல்லாரும் அங்கே போகும்போது சந்தனமேரி மட்டும் வெளியே நிற்க வேண்டியதுதான். தலைவர் பெண்டாட்டி என்று யாரும் உள்ளே விடப்போவதில்லை.

நேற்றிலிருந்து ஒரு சொட்டு டீ இல்லை. தலை வெடித்தது.

அடுத்தது எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு பழைய லயம். அமெரிக்காவிலிருந்து வந்த ரெண்டு ஊழியக்காரப் பையன்கள் முதலில் தங்கிய அறை. இப்போது உள்ளே ஆடு கட்டியிருந்தது. பவுல்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு பக்தியோடு நுழைந்தார். ஆடு எழுந்து வெளியே போனது.

"ஆட்டுக்கே போதும்னு ஆயிருச்சு" என்று முணுமுணுத்தாள் சந்தனமேரி.

ஜீப்பில் ஏறியதும் பவுல்ராஜ் ஆரம்பித்தார். "டீ, காப்பி, சாராயம், புகையிலை, நாலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணை உள்ள விட்டா மத்ததும் பின்னாலயே வந்துரும்."

"ஆமாம் தலைவரே" என்றாள் ஜிஸ்மி.

சந்தனமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலை முழுக்கத் தேயிலை.

கடைசியாக, முதல் ஆராதனை நடந்த பழைய மஸ்டர் ஷெட். காலையில் எஸ்டேட் ஆட்களுக்குப் பேர் கொடுக்கிற இடம். ரோட்டிலிருந்து சரிவில் இறங்க வேண்டும். மேலே ரோட்டோரம் ஒரு டீக்கடை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கொதிக்கிற தேயிலை வாசம் மூக்கில் ஏறியது. கீழே நின்றால் கடை தெரியாது என்பதையும் சந்தனமேரி கவனித்துக்கொண்டாள்.

மேலே தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசியாக இறங்கி வந்த பவுல்ராஜ் ஷெட்டின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தலைவலிக்குதுங்க. நான் மேல போய்க் கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்" என்றாள்.

"என்கிட்ட தைலம் இருக்குக்கா. நானும் வாரேன்" என்று ஜிஸ்மி எழுந்தாள்.

சந்தனமேரிக்கு உயிர் போய் வந்தது.

"நீங்க உக்காருங்க சகோதரி. நான் பேசுறதைச் சங்கத் தலைவியே கேக்கலைன்னா வேற யாரு கேப்பா?" என்றார் பவுல்ராஜ்.

ஜிஸ்மி மனசில்லாமல் உட்கார்ந்தாள். பெண்டாட்டி மண்டை வெடித்துச் செத்தாலும் இந்த மனுஷனுக்குப் பிரசங்கம் கேட்க ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சந்தனமேரி மேலே ஏறினாள்.

கடையில் நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். இவள் வாயைத் திறக்கும் முன்பே கிளாஸை நீட்டினாள். தேயிலை தூக்கலான நல்ல கடுப்பம், சர்க்கரை கம்மி. முதல் மடக்கிலேயே தலைவலி பாதி இறங்கியது.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"ஜீப்பு நின்னதும் தண்ணி கேட்டு வந்தாரே, வெள்ளைச் சட்டைக்காரர். அவருதான் சொன்னாரு. 'எம் பொண்டாட்டி தலைவலிக்குதுன்னு வருவா. கடுப்பமா, சர்க்கரை கம்மியா ஒரு டீ போட்டு வைங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க'ன்னாரு. நான்தான் வாய் பொறுக்காம சொல்லிட்டேன்."

சந்தனமேரி கிளாஸோடு சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கீழே பவுல்ராஜின் குரல் முதல் ஆராதனையை முடித்து, ரெண்டாவது ஆராதனையை ஆரம்பித்தது.

"வேற என்ன சொன்னாரு?" என்றாள் மெதுவாக.

"அவசரப்படுத்தாதீங்கன்னாரு. 'அவளுக்கு எப்பவும் ரெண்டு கிளாஸ் வேணும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கீழ யாரையும் எந்திரிக்க விடாமப் பேசிக்கிட்டிருப்பேன்'னாரு."