பைக்குள் செருப்பு

"இன்னிக்கோட அந்தப் பிள்ளைய வர வேணாம்னு சொல்லிரும்மா. இல்லாட்டி வகுப்புக்கு வேற இடம் பார்த்துக்க" என்றார் உடையப்பன்.

புந்தோங்கில் அந்தக் கோயிலுக்கு அவர்தான் தலைவர். காலையில் பத்து நிமிடத் தொலைவில், சிலிபினில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, மண்டபத்துப் பின்னறையைச் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்குத் திறந்துவிடுபவரும் அவர்தான். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வந்தபின் கலாதேவி தானாக ஆரம்பித்த ஒரே காரியம் இந்த வகுப்பு. அறை போனால் வகுப்பும் போகும்.

"நான் பேசிப் பார்க்கிறேன் ஐயா."

"என்ன பேசுறது? கோயிலுக்குள்ள செருப்பு. சாதாரண விஷயமா? பூசை முடிஞ்சு வாரேன். அதுக்குள்ள சொல்லிரு."

காளியம்மா செய்த குற்றம் இதுதான். வாசலில் எல்லாரும் செருப்பை விடுவார்கள், அவள் விடமாட்டாள். கழற்றி, தூசு தட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

மற்றப் பெண்கள் முதலில் அவளுடைய பழங்காலத்துப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு செருப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிஞ்சு போன செருப்பு. இத யாருடி திருடப் போறா?" என்பாள் லோஷினி.

காளியம்மா பையை இன்னும் இறுக்கிக்கொள்வாள். கலாதேவி கேட்டபோதும், "அம்மா சொல்லியிருக்காங்க டீச்சர்" என்பதோடு சரி.

மியன்மாரில் சண்டை மூண்டபின் பெற்றோரோடு தப்பி வந்தவள் அவள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பம். இப்போது தாயும் மகளும் மட்டும் புந்தோங்கில் ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அதனால் யாரும் மறுபடி கேட்கவில்லை. இந்த நாட்டில் தங்க முறையான காகிதம் இல்லாத அகதிப் பிள்ளை என்பதால் அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்ததே இந்தச் சனிக்கிழமைதான்.

வகுப்பு முடியட்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று கலாதேவி முடிவு செய்தாள்.

இப்போது அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது, போர் நடக்கும் ஒரு நாட்டில் வளரும் சிறுமியின் கதை. ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பார்கள். சிறுமியின் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்த பக்கத்தில் போன வாரம் பாதி வகுப்பு அழுதுவிட்டது. இன்று லோஷினியின் முறை. அந்தச் சிறுமி இரவில் காலணியைக் கழற்றாமலே படுத்துக்கொள்ளும் இடம் வந்தது. லோஷினி நிறுத்தினாள்.

"ஏன் டீச்சர், படுக்கும்போது போய்ச் சப்பாத்து?"

"எந்த நேரத்துல ஓட வேண்டியிருக்கும்னு தெரியாதில்லையா? காலணியைத் தேடிக்கிட்டு நிற்க முடியாது."

லோஷினி மெல்லத் திரும்பிக் காளியம்மாவின் மடியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். இதை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிற எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கலாதேவி தன்னையே நொந்துகொண்டாள். காளியம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"ஓடறதுக்குத்தானாம்மா பக்கத்துலயே வச்சிருக்க?"

பூசை முடிந்து வந்த உடையப்பன், விபூதித் தட்டோடு வாசலில் நின்றார்.

"ஓடறதுக்கு இல்ல டீச்சர்" என்றாள் காளியம்மா. பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே, கதையை வாசிக்கும் அதே சீரான குரலில் சொன்னாள். "வீட்டுக்குச் சோதனை போட வந்தாங்க. திரையை இழுத்துவிட்டுட்டு நாங்க எல்லாரும் சத்தமே இல்லாம இருந்தோம். பக்கத்து வீட்டுப் பாப்பாகூட அழல. ஆள் இல்லேன்னு திரும்பிப் போயிருப்பாங்க. ஆனா வாசல்ல செருப்பு கிடந்துச்சு. ஒருத்தர் ஒவ்வொரு ஜோடியா எண்ணுறது எனக்குக் கேட்டுச்சு. அப்புறம்தான் கதவ உடைச்சாங்க."

"அப்பா?"

"அப்பாவ லாரில ஏத்திட்டாங்க. எங்க இருக்காருன்னு தெரியல. அம்மாவும் நானும் பின்பக்கமா வந்துட்டோம். அதுல இருந்து எங்க போனாலும் செருப்ப வெளிய விடாதேன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

லோஷினி மூக்கை உறிஞ்சினாள். தன் தண்ணீர்ப் புட்டியைக் காளியம்மா பக்கம் தள்ளிவைத்தாள்.

உடையப்பன் தட்டைக் கீழே வைத்தார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கெசியான்லா, பாவம்" என்றார். குரல் கம்மியிருந்தது. "பச்சப் பிள்ள என்னெல்லாம் பார்த்திருக்கு. கலாதேவி, நான் சொன்னத மறந்துரு. செருப்பு உள்ளயே இருக்கட்டும், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. இவ ஒவ்வொரு வாரமும் வரணும்."

அவர் காளியம்மாவின் நெற்றியில் விபூதி இட்டுவிட்டார். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"பார்த்துக்குங்க பிள்ளைங்களா. வீட்டு வாசல்ல செருப்பப் போடக்கூடப் பயப்படுற நாடெல்லாம் இருக்கு. நம்ம நாட்டுல பொறந்ததுக்கு நாம கும்பிடணும்."

பெண்கள் தலையாட்டினார்கள். காளியம்மா மட்டும் ஆட்டவில்லை.

"அது எந்த ஊரும்மா? ரங்கூனா, மண்டலேயா?" என்று கேட்டார் உடையப்பன்.

சொல்லலாமா என்பதுபோல அவள் கலாதேவியை ஒரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சிலிபின், ஐயா. போன தீபாவளிக்கு முந்தின வாரம்."