காலித் தோட்டா

பழைய ரிவால்வரின் எண்ணை லாரன்ஸ் லைசென்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. பழைய ஆயுதங்கள் சேர்க்கும் அவர், சின்னசேலத்திலிருந்து அதற்காகவே தீனதயாளன் வீட்டுக்கு வந்திருந்தார்.

“சுடுற ஊசியே இல்லியே சார்?”

“எங்கப்பா இதாலதான் போனாரு. அன்னிக்கே ஊசிய அறுத்துட்டேங்க” என்றார் தீனதயாளன்.

“ஊசி இல்லாம சுடவே முடியாதே! அப்புறம் உருளையில இன்னா காலித் தோட்டா?”

“தினம் காலையில ஒண்ணு கெடக்குங்க. எடுத்து டப்பாவுல போட்டுடுவேன்.”

லாரன்ஸ் சிரித்தார். பதிலுக்குத் தன்னுடைய பித்தளைப் பிடி வாளைக் கொடுத்துவிட்டு ரிவால்வரை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் போன் செய்தார்.

“தொறந்து பாத்தேன் சார். ஒண்ணுமே இல்லியே!”

“நல்லதுங்க.”

தீனதயாளன் போனை வைத்தார். தன் தலையணையில் தலை பதிந்திருந்த பள்ளத்திலிருந்து, இன்னும் சூடாறாத காலித் தோட்டாவை எடுத்து டப்பாவில் போட்டார்.