தகரக் குரல்

இசைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பட்டம் வாங்கிய மூன்று பறவைகள் முப்பது வருடம் கழித்து ஒரு புங்கமரத்தில் கூடின. அன்று தன் குரலைக் கேட்டு வகுப்பே சிரித்ததைக் காகம் இன்னும் மறக்கவில்லை.

குயில் மாந்தோப்பில் கச்சேரி செய்கிறதாம். ஜோசியரிடம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த கிளி, "எனக்குச் சீட்டு எடுக்கிற உத்தியோகம். கூண்டும் நெல்லும் அவர் செலவு" என்றது. பிறகு காகத்தின் பக்கம் திரும்பியது. "நீ என்னடா பண்றே, தகரம்? இன்னும் குப்பைமேடுதானா?"

காகம் வாயைத் திறப்பதற்குள், எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் இலையில் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கத்தினார். பின்னால் குடும்பமே பசியோடு நின்றது.

"இன்னிக்கு அமாவாசை. நான் தொடாம அவங்க சாப்பிட மாட்டாங்க" என்றது காகம்.

"பாவம்டா, சீக்கிரம் போ!" என்றது குயில்.

"போறேன். அந்தக் குரலை நீங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லி, காகம் நிதானமாக அலகைக் கிளையில் தீட்டியது.