ரெண்டு காலுல நிக்கிற பொம்மை

களிமண்ணுல ஒரு ஆளைச் செஞ்சு, வெறும் ரெண்டு காலுல நிக்க வச்சுப் பாத்திருக்கீங்களா?

நிக்காது. மண்ணு காயுறதுக்குள்ள முட்டி மடங்கிரும்.

அதனாலதான் எஸ்ட்ரெமோஸ் ஊர்ல பொம்மை செய்யிற பொம்பளைங்க, ராணின்னா தரையைத் தொடுற பாவாடை போட்டுருவாங்க. ஆட்டுக்காரன்னா காலோட ஒட்டி ஒரு ஆட்டை நிறுத்திருவாங்க.

இல்டா ரெண்டும் செய்யலை. எழுபத்திரண்டு வயசுல அவ செஞ்சுக்கிட்டிருந்தது தன்னையே. முழங்கால் வரைக்கும் கோட்டு. அதுக்குக் கீழ ரெண்டு கால், அவ்வளவுதான்.

எல்லாம் அந்தக் கைத்தடியால வந்தது. இல்டா ரொட்டிக்கடைப் படியில விழுந்து இடுப்பு எலும்பை முறிச்சுக்கிட்டா. இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. தங்கச்சி சிடாலியா பயந்துபோயி ஒரு தடி வாங்கிட்டு வந்தா.

நாலு மாசமா அது கதவுக்குப் பின்னாலயே நின்னுச்சு.

"இந்தப் பொம்மை விடியுற வரைக்கும் நின்னுச்சுன்னா, அந்தக் கட்டையை நீயே அடுப்புல போட்டுரணும். அப்புறம் வாயைத் தொறக்கக் கூடாதுடி," ன்னா இல்டா.

சிடாலியா சரின்னா.

முதல் பொம்மை, ஒரு காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள குப்புற விழுந்துச்சு.

"அப்படியே நீதான்க்கா. ரொட்டிக்கடைப் படியில பாத்த மாதிரியே இருக்கு."

இல்டா சிரிக்கலை. மண்ணை உருட்டித் திரும்ப ஆரம்பிச்சா. ரெண்டாவது குந்திருச்சு. மூணாவதைத் தங்கச்சிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுச் செஞ்சா. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கலை.

சாயங்காலம் அதை, அடியில இருந்த பலகையோட தூக்கி, முதுகு சுவத்துப் பக்கமா இருக்கிற மாதிரி அலமாரியில வச்சா. நின்னுச்சு.

அக்கா கை கழுவப் போனதும் சிடாலியா பொம்மை கிட்டப் போனா. ஒரு விரல் போதும். யாரு பாக்கப்போறா?

நீட்டின விரலை மடக்கிக்கிட்டா.

மறுநாள் காலையில பொம்மை நின்னுக்கிட்டிருந்துச்சு. எப்படின்னு பாக்க, சிடாலியா அதைத் திருப்பினா.

பின்பக்கம், கோட்டுக்கு உள்ள இருந்து, சுண்டுவிரல் தடிமன்ல இன்னொரு கால் இறங்கிப் பலகையைத் தொட்டுக்கிட்டிருந்துச்சு.

சண்டை போடலாம்னு அக்காவைத் தேடினா. இல்டா ரொட்டி வாங்கப் போயிருந்தா.

கதவுக்குப் பின்னால தடி இல்லை.