கெசியாவின் கேள்விகள்

"பயப்படாதீங்க சார், இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது" என்றாள் கெசியா.

குரோம்பேட்டை வீட்டு சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர் தயாளன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கெசியா கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். ஆளுமை, படைப்பாற்றல், ஊக்கம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, ஒரு மனிதரை எதிரே வைத்துக்கொண்டு அதையெல்லாம் தேடுவது அத்தனை சுலபமாக இல்லை.

"கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வாக்கிங் போயிடுவேன்மா. திரும்பி வர்றதுக்குள்ள எதுக்குக் கோவப்பட்டேன்னே மறந்துடும்."

"ஒரு செங்கல்லை வெச்சு என்னெல்லாம் செய்யலாம்?"

"மழைத் தண்ணி தேங்கினா, வரிசையா போட்டு நடந்து போகலாம். போன மழைக்கு ஸ்கூல் வாசல்ல நான்தான் போட்டேன். டீச்சருங்க புடவை நனையாம வரணுமே!"

கெசியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"காலையில எழுந்திருக்க உங்களைத் தூண்டுறது எது சார்?"

"மனைவி போனப்புறம் எதுவுமே இல்லாமதான் இருந்துச்சு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமைகூட ஸ்கூலுக்குப் போகணும்னு தோணுது."

அந்தப் பதிலுக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும் என்று கெசியா யோசிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, வெளியே வாங்க. எனக்கு முழுச் சம்மதம். அப்பா போனதிலிருந்து நீங்க ஒத்தையா இருந்தது போதும். இனிமே மாப்பிள்ளைகிட்ட நீங்களே பேசிக்குங்க."

சரோஜினி டீச்சர் காபித் தட்டோடு வெளியே வந்தார். தயாளன் சார் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.