முகம் பார்த்துக் கொடுத்த கடன்

"பேங்க் வாசப்படியை மிதிச்சு மூணு வருஷமாச்சு தம்பி. இனிமேலும் மிதிக்கிறதா இல்லை" என்றார் மாமனார், காலை ஆட்டிக்கொண்டே.

கணக்கெடுக்க வந்த இளைஞன் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினான். சொந்த நிலத்தில் குடும்பத்தோடு பாடுபடுகிறவர்கள் பயிர்ச் செலவுக்குப் பணம் எங்கே புரட்டுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறவன். காலையிலிருந்து புலம்பல் கேட்டே காது புளித்திருந்தது. சிரித்த முகமாய்ப் பதில் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"ஏன் ஐயா, பேங்க் என்ன பண்ணுச்சு?"

"நிலப் பத்திரம் கேட்டான், குடுத்தேன். வரி ரசீது கேட்டான், குடுத்தேன். ஜாமீனுக்கு ஒரு சம்பளக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னான். போய்யான்னு எழுந்து வந்துட்டேன்."

"கூட்டுறவு சங்கம்?"

"தலைவரோட மச்சான், மச்சானோட மச்சான், எல்லாருக்கும் போக மிஞ்சினா நமக்கு."

"அப்போ வட்டிக்கா?"

"சேச்சே! நமக்கு உரக்கடைதான். விதை, உரம், மருந்து எல்லாம் கடன். கையெழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. என் முகத்தைப் பாத்துக் குடுக்கிறான். அறுவடை ஆனா முடிஞ்சதைக் குடுப்பேன். மிச்சம் எப்போன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான்."

"நம்பவே முடியலையே ஐயா!"

"நாணயம் தம்பி, நாணயம். கடையில விக்கிற சரக்கா அது?"

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், விளைச்சல் பொய்த்த சமயம், இதே முகத்தைப் பார்த்துத்தான் உரக்கடைக்காரர், "பழைய பாக்கியை முடிச்சுட்டு வாங்க" என்று நாலு பேர் முன்னால் கையை விரித்தார். மாமனார் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பிஸ்கட் பாக்டரி பஸ்ஸிலிருந்து அவள் உரக்கடை வாசலில் இறங்கினாள். மாசா மாசம் சம்பளத்தில் பாதி கடைக்கு. ஒரே ஒரு நிபந்தனை: மாமாவுக்குத் தெரியக் கூடாது.

கடைக்காரர் சிரித்தார். "எனக்குக் காசு வந்தா சரிம்மா. எந்தக் கையிலேருந்து வந்தா என்ன?"

கடைக்காரர் மறுபடி கடன் கொடுத்த அன்றைக்கு நிமிர்ந்த மாமனாரின் நெஞ்சு, இன்றுவரை இறங்கவில்லை.

"வீட்டுல வேற வருமானம் ஏதாவது?" இளைஞன் கேட்டான்.

"இல்லை."

"மருமக வேலைக்குப் போறாங்கன்னு பக்கத்து வீட்டுல..."

"அதுவா? சும்மா பொழுது போக. அது சம்பாதிக்கிறது அதோட பவுடருக்கும் பஸ்ஸுக்கும் சரியாப் போகுது. இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்குன்னு ஒரு தம்ளர் வாங்கிப் போட்டிருக்குமா? கேட்டா முழிக்கும். பொறந்த வீட்டுக்கு அனுப்புதோ என்னவோ! எனக்கெதுக்கு? பொம்பளை சம்பாத்தியத்துல பயிர் வெக்கிற பரம்பரை இல்லை நம்மளது."

அவள் கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, பழி போட வெங்காயம் இருந்தது.

எட்டு மணி நேரம் நின்றபடியே பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கி, வீங்கிய காலோடு வீடு வந்து சேருகிறவள். புருஷனுக்கு எல்லாம் தெரியும். "அவர் மனசு ஒடஞ்சுடும், பொறுத்துக்கோ" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு வராது. அவளும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் இப்படிப் பேச்சுக் கேட்க வேண்டி வந்ததில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு வார்த்தை போதும். அந்த நெஞ்சு பஞ்சர் ஆகிவிடும். வார்த்தை தொண்டைவரை வந்தது. மாமனாரின் காய்ப்பேறிய கை கண்ணில் பட்டது. விழுங்கிவிட்டாள்.

"மாமா, நான் நாளையிலேருந்து வேலைக்குப் போகலை."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"உங்க கௌரவத்துக்கு என்னால குறைச்சல் வேண்டாம். வீட்டோட இருந்துக்கிறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றான் இளைஞன், விஷயம் புரியாமல். "இதர வருமானம் இல்லைன்னே போட்டுடறேன்." ஐயாவுக்குப் பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த வாரம் விதைப்பு. கடைக்காரர் மறுபடி கையை விரித்தால், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுப்பார். படுக்கட்டும் என்று ஒரு மனசு. ஐயோ பாவம் என்று ஒரு மனசு.

பின்னால் செருமல் கேட்டது. அடுக்களைப் பக்கமே எட்டிப் பார்க்காத மாமனார் நிலைப்படியில் நின்றார்.

"ஏம்மா... அது கோவத்துல சொன்னதா, நெசமாவா?"

"நெசமாத்தான் மாமா."

"வயசானவன் வாய். அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கலாமா?"

"அதெல்லாம் இல்லை மாமா. எதுக்கு வேலைக்குப் போகணும்? வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே!"

அவர் தலையைச் சொறிந்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இந்தத் தடவை மிளகாய் போடறேன்னு கடைக்காரன்கிட்ட சொல்லிட்டேன்மா. செலவு அதிகமாம். மாசா மாசம் நீ குடுக்கிறது பத்தாதுங்கிறான். ஓவர்டைம் குடுத்தா வேண்டாம்னு சொல்லிடாதே."