மூன்று ஓட்டில் போன வயல்

தோராவை நான் பேசவே விடவில்லை.

முப்பத்துநாலு வயது. விஞ்ஞானி. கோபன்ஹேகனிலிருந்து டென்மார்க்கின் இந்த மேற்குக் கோடிக்கு வேன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊர்ச் சங்கத்தின் காலி வயல் அவளுக்குக் குத்தகைக்கு வேண்டும். மரபணு மாற்றிய உருளைக்கிழங்கை அதில் நட்டுப் பார்க்கப் போகிறாளாம். இலை கறுத்து, கிழங்கு அழுகிப்போகுமே, அந்த நோய் இதை அண்டாதாம்.

நான் எஸ்பன். இருபது வருஷமாக இயற்கை விவசாயி. போன கோடையில் அதே நோயில் என் கிழங்கில் பாதி போய்விட்டது. போனாலும் மருந்து படாமல் சுத்தமாகப் போனது என்று பெருமைப்பட்டுக்கொண்டவன்.

சங்கக் கூடத்தில் காபியும் கேக்கும் முடிந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. நீங்க துணி துவைக்கிற பவுடர்ல கறையை எடுக்கிற நொதியை மரபணு மாத்தின நுண்ணுயிரிங்கதான் செஞ்சு தருது."

"அப்படின்னா நான் கறையோடவே இருந்துக்கறேன்," என்றேன்.

கூடம் சிரித்தது. எனக்கு அது போதும். கைதட்டலுக்கு மயங்குகிற ஆள் நான்.

"சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்றதுக்கும் அதே மாதிரி..."

"சாக்கடையில நீ எதை வேணும்னாலும் விடும்மா. என் தட்டுல விடாதே."

இன்னும் பெரிய சிரிப்பு.

பின்வரிசையிலிருந்து தபால்காரம்மா கேட்டாள். "டாக்டர் குடுக்கற மருந்துல இருக்கா?"

தோரா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நிறைய இருக்கு. இன்னிக்கு உருளைக்கிழங்கோட நிறுத்திக்குவோம்."

"பாத்தீங்களா? பதில் இல்ல," என்று எழுந்துவிட்டேன். "அறுபத்தோரு வருஷமா இந்த உடம்புல ஆய்வுக்கூடத்துச் சரக்கு ஒரு துளி சேர்ந்ததில்ல. இனிமேலும் சேராது." நெஞ்சில் தட்டிக்கூடக் காட்டினேன்.

ஓட்டெடுப்பில் நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. வயல் இல்லை.

ஐந்து வருஷ ஆராய்ச்சி, இந்தப் பருவத்துக்கு வேறு இடமும் கிடையாது என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். எல்லாருக்கும் நன்றி சொன்னாள். காபிக் கோப்பைகளை எடுத்து வைக்க உதவி செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மருந்துக் கடைக்குப் போனேன். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி எனக்கு. நேற்றுக் கூட்டத்தில் இருந்த போடில் என்பவள்தான் கடைக்காரி. இன்சுலின் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஆய்வுக்கூடத்துச் சரக்கு வேண்டாம்னியே எஸ்பன்."

"இது மருந்து."

"இதை எதுலேர்ந்து எடுக்கறாங்கன்னு தெரியுமா?"

"பன்றிகிட்டேருந்து."

எங்கள் பக்கம் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

"அது உங்கப்பா காலத்துல. இப்போ மனுஷ மரபணுவை ஈஸ்ட்டுக்குள்ள வெச்சு, பெரிய தொட்டியில வளக்கறாங்க. அந்த ஈஸ்ட் செஞ்சு குடுக்கறதைத்தான் நீ பன்னெண்டு வருஷமா தினம் நாலு வேளை குத்திக்கறே."

எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரும் என் பக்கம் ஓட்டுப் போட்டவர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் காருக்கு வந்தேன்.

கொள்கையா, ஊசியா? காருக்குள் உட்கார்ந்து யோசித்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். என் கொள்கைக்குப் பசி தாங்கவில்லை.

நேராக அவள் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். தோரா பரிசோதனைக்கு எடுத்த மண் பைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்சுலின் போட்டுக்கறவன்," என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தெரியும். நேத்து கேக்குக்கு முன்னாடி நடையில திரும்பி நின்னு போட்டுக்கிட்டீங்க. பாத்தேன்."

எனக்குக் காது சுட்டது.

"அப்ப ஏன் சொல்லலை? மருந்துல இருக்கான்னு கேட்டப்ப அதைச் சொல்லியிருந்தா நான் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"உங்க வியாதியை நான் எப்படி மேடையில சொல்றது?"

"அது ஊருக்கே தெரிஞ்ச வியாதி. என் பேரைச் சொல்லாம, பொதுவா இன்சுலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் கடைசிப் பையை ஏற்றினாள்.

"சங்கத்தை மறுபடி கூட்டச் சொல்றேன்," என்றேன். "நானே எழுந்து எல்லாத்தையும் சொல்றேன். எனக்குச் சிரிப்புக் காட்டிப் பழக்கம்தான்."

"சொல்லுங்க. அடுத்த வருஷத்துக்கு ஆகும். இந்த வருஷ நடவு போயிடுச்சு."

"மூணு ஓட்டும்மா. அஞ்சு வருஷ உழைப்பு. ஒரே ஒரு வார்த்தை. எப்படித்தான் அடக்கிக்கிட்டே?"

தோரா வேன் கதவைச் சாத்தினாள்.

"அத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்லியிருந்தா, வீம்புக்கு ஊசியை நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துது."